பாட்டின் வால் கரகரக்கிறதா? டிதர் பிழைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பது

மார்த்தாண்டத்தில் உள்ள எங்கள் சின்ன ஸ்டுடியோவுக்கு வரும் வேலைகளில் பாதி குமரி மாவட்டத்திலிருந்து வரும், மீதி பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து. கொடை விழா வில்லுப்பாட்டு, தவக்காலப் பாடல்கள், சர்ச் பாடகர் குழுவின் ஆல்பம், மலையாளத்தில் ஐயப்பன் பாட்டு என எல்லாம் உண்டு. மொழி எதுவானாலும் புகார் ஒன்றுதான். "வீட்டில் மிக்ஸ் கேட்டப்போ சுத்தமா இருந்தது. வேவ் ஃபைலா எடுத்த பிறகு பாட்டு முடியுற இடத்துல என்னவோ அரிக்குது."

இதே புகாரைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது. எளிய காரணத்தில் தொடங்கி, காசு செலவாகும் காரணத்தில் முடிவது. அதை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் ஃபைலில் என்ன கேட்கிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். 32 பிட் ஃப்ளோட்டிலோ 24 பிட்டிலோ உள்ள ஆடியோவை 16 பிட்டுக்குக் குறைக்கும்போது, வேண்டுமென்றே சேர்க்கும் மிக மெல்லிய இரைச்சல்தான் டிதர். அதைச் சேர்க்காமல் குறைத்தால் அடியில் உள்ள பிட்டுகள் அப்படியே வெட்டுப்பட்டு, மெல்லிய ஒலிகள் உடைந்து கேட்கும். பிட் குறையும் இடத்தில், எல்லா வேலையும் முடிந்த பிறகு, ஒரே ஒரு முறை டிதர் போட வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஃபைலின் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மீறியதால் வருபவை.

எதையும் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

"எதில் கேட்டீர்கள்?" இதைத்தான் நான் முதலில் கேட்பேன். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக வந்ததைக் கேட்டுவிட்டுப் புகார் சொல்பவர்கள் நிறையப் பேர். அங்கே ஃபைல் அமுக்கப்பட்டிருக்கலாம், அந்தக் கரகரப்புக்கும் டிதருக்கும் சம்பந்தமே இருக்காது. அதே வேவ் ஃபைலை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவில் வாங்குங்கள். ஹெட்போனில் கேளுங்கள். கரகரப்பு போய்விட்டதென்றால் உங்கள் மாஸ்டரில், அதாவது இறுதி ஃபைலில், குறை இல்லை.

அப்போதும் இருந்தால் ஃபைலின் விவரத்தைப் பாருங்கள். 16 பிட்டா, 24 பிட்டா, 32 பிட் ஃப்ளோட்டா? சாம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸா, 48-ஆ? இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் குழப்பம் வரும்போது உதவும்.

அறிகுறி: ஃபேட்-அவுட் (சத்தம் மெல்லக் குறைந்து அடங்குவது) முடியும் இடத்தில், அல்லது வாத்தியத்தின் நாதம் அடங்கும் இடத்தில் கரகரப்பு

அதிகம் வருவது இதுதான். ஒரு வில்லுப்பாட்டுக் குழு தங்கள் கதையைப் பதிவு செய்துவிட்டு மாஸ்டரிங்குக்கு வந்தது. கடைசியில் வாழி பாடி முடித்ததும், வீசுகோல் வில்லின் நாணில் ஒரு தட்டு தட்டி நிற்கிறது. வில்லில் கட்டிய மணிகளின் ஓசை மட்டும் தனியாகத் தொங்கி, மெல்ல மெல்லக் கரைகிறது. எட்டு நொடி ஃபேட். அவர்கள் வீட்டில் எடுத்து வைத்திருந்த 16 பிட் ஃபைலில் கடைசி இரண்டு நொடிக்கு அந்த மணியோசை மணலை அரைப்பதுபோல ஆகி, பிறகு பட்டென்று அறுந்துவிட்டது. மிக்ஸ் ஃபைலைத் திறந்தேன். அங்கே மணி சுத்தமாக இருந்தது. எக்ஸ்போர்ட் பெட்டியில் டிதருக்கான டிக் இல்லை, அவ்வளவுதான். டிக் போட்டு மறுபடி எடுத்து, குழுவை நடத்தும் அண்ணாவியிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். அவர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார். ஓசை கடைசிவரை போய் முடிந்ததும் கையை இறக்கினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எப்படிச் சோதிப்பது: எடுத்து முடித்த 16 பிட் ஃபைலைப் புதிய செஷனில் போடுங்கள். ஃபேடின் கடைசி மூன்று நான்கு நொடியை மட்டும் வெட்டித் தனி ஃபைலாகச் சேமியுங்கள். அதை மட்டும் 40 டெசிபல் கூட்டிக் கேளுங்கள். தனியாக வெட்டாமல் முழுப் பாட்டிலும் இதைச் செய்யாதீர்கள். கர்சர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தால் காதும் போகும், ஸ்பீக்கரும் போகும்.

இப்போது கேட்பதில் இரண்டு விதம் உண்டு. ஓசை கீழே போகப் போக அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு ரம்ப ஓசை வந்து, சுருதியோடு சேர்ந்து மாறி, பிறகு திடீரென்று நிசப்தம் என்றால் டிதர் இல்லாமல் வெட்டியிருக்கிறது. தூரத்து மழை போல ஒரே சீரான 'ஸ்' இருக்க, நாதம் அதற்குள் மெல்ல மூழ்கிப் போகிறது என்றால் டிதர் சரியாக வேலை செய்கிறது. வேறு எங்கோ பார்க்க வேண்டும்.

வெட்டுப்பட்டிருந்தால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் எக்ஸ்போர்ட் பெட்டி. பதிவு சாஃப்ட்வேருக்கு ஏற்ப இடம் மாறும். ரீப்பரில் ரெண்டர் பெட்டிக்குள் டிதர், நாய்ஸ் ஷேப் (டிதரின் இரைச்சலைக் காதுக்கு எளிதில் எட்டாத இடத்துக்குத் தள்ளுவது) என இரண்டு டிக் உண்டு. லாஜிக்கில் பவுன்ஸ் பெட்டியில் டிதரிங் என்று ஒரு பட்டியல், ஏபிள்டனில் எக்ஸ்போர்ட் பெட்டியில் டிதர் ஆப்ஷன்ஸ். எஃப்எல் ஸ்டுடியோவிலும் எக்ஸ்போர்ட் செய்யும் இடத்திலேயே டிதருக்கு ஒரு பட்டன் இருக்கிறது. ஆடாசிட்டியில் இது எக்ஸ்போர்ட் பெட்டியில் இருக்காது. பிரிஃபரன்சஸில் குவாலிட்டி என்ற பகுதிக்குள் போனால் ஹை-குவாலிட்டி கன்வர்ஷன் என்பதன் கீழே இருக்கும். யாராவது அதை None (எதுவும் வேண்டாம்) என்று மாற்றி வைத்திருந்தால் அதன்பின் எடுக்கும் எல்லா ஃபைலுமே வெட்டுப்பட்டுத்தான் வரும்.

டிதர் போட்டிருந்தும் கரகரக்கிறதென்றால், அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். சரியாகப் போட்ட டிதரைக் கெடுக்கும் இடம் இதுதான். மாஸ்டர் டிராக்கில் டிதர் பிளக்-இன்னைக் கடைசியாக வைத்திருப்பார்கள். ஆனால் மாஸ்டர் ஃபேடர் மைனஸ் 0.3-இல் நிற்கும். ரீப்பர், ஏபிள்டன் இரண்டிலும் மாஸ்டர் ஃபேடர் பிளக்-இன்களுக்குப் பின்னால் வருகிறது. அந்த 0.3 டெசிபல் குறைப்பு, டிதர் போட்ட எண்களை மறுபடி பின்னமாக்கிவிடும். பிறகு எக்ஸ்போர்ட் ஆகும்போது வெட்டு விழும். புரோ டூல்ஸில் நிலைமை தலைகீழ். அங்கே மாஸ்டர் ஃபேடரின் இன்செர்ட்டுகள், அதாவது அதில் போடும் பிளக்-இன்கள், ஃபேடருக்குப் பிறகுதான். எனவே ஒரு சாஃப்ட்வேரில் பழகிய கை இன்னொன்றில் தவறும். ஃபேடரைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். இதையெல்லாம் யோசிக்க வேண்டாம் என்றால், பிளக்-இன்னை எடுத்துவிட்டு எக்ஸ்போர்ட் பெட்டியில் உள்ள டிதரை மட்டும் பயன்படுத்துங்கள். அது எப்போதும் கடைசியில்தான் நடக்கும்.

இதே கணக்கில், மாஸ்டர் ஆன 16 பிட் ஃபைலைத் திறந்து அதன்மேல் ஃபேட் போடுவதும், நார்மலைஸ் செய்வதும் தவறு. வீடியோ எடிட் செய்பவர்கள் இதை அடிக்கடி செய்கிறார்கள். பாட்டை டைம்லைனில் போட்டு, பேச்சு வரும் இடத்தில் சத்தத்தை இறக்கி, கடைசியில் ஃபேட் வைப்பார்கள். அது அவர்கள் வேலை, குறை சொல்ல முடியாது. நாம்தான் அவர்களுக்கு 16 பிட் கொடுத்திருக்கக் கூடாது. வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கொடுங்கள்.

அங்கேயும் குறையில்லை என்றால், உங்களிடம் வந்த மிக்ஸே வெட்டுப்பட்டதாக இருக்கலாம். மாஸ்டர் பிளக்-இன் எல்லாவற்றையும் பைபாஸ் செய்து, மிக்ஸ் ஃபைலின் அதே இடத்தை 40 டெசிபல் கூட்டிக் கேளுங்கள். அங்கேயே ரம்பம் கேட்டால் நீங்கள் போடும் டிதர் அதைச் சரிசெய்யாது. உடைந்த ஒலியை டிதர் ஒட்டவைக்காது, இனி உடையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. மிக்ஸ் செய்தவரிடம் போய் 32 பிட் ஃப்ளோட்டிலோ 24 பிட்டிலோ மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. கேட்பதற்குத் தயங்கி, இருக்கிற ஃபைலோடு மூன்று நாள் மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மிக்ஸ் செய்தவரின் முழுச் செஷனே கையில் இருந்தால், நடுவில் எங்காவது 16 பிட்டாக எடுத்த டிராக் இருக்கிறதா என்று பாருங்கள். பாடகரின் டிராக்கை வேறு ஊரில் பதிவு செய்து, 16 பிட்டாக அனுப்பியிருப்பார்கள். சந்தேகமான டிராக்கை ஒவ்வொன்றாக மியூட் செய்தால் ரம்பம் எதில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசிக் காரணம்தான் செலவு வைப்பது. பதிவையே 16 பிட்டில், மிகத் தாழ்ந்த லெவலில் எடுத்திருந்தால் திரும்பப் பாட வேண்டியதுதான். பாடியவர் இப்போது இல்லை, அல்லது திரும்பப் பாட முடியாத நிலை என்றால் அதை ஆடியோ ரெஸ்டோரேஷன் செய்பவரிடம் கொடுங்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே பிரதியில் வீட்டில் எதையும் முயற்சி செய்யாதீர்கள்.

அறிகுறி: பாட்டு முழுக்க 'ஸ்ஸ்' என்ற இரைச்சல், பாட்டு தொடங்குமுன் உள்ள வெற்றிடத்திலும்

"டிதர் போட்டதால இரைச்சல் வந்துடுச்சு, எடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பத்தில் ஒன்பது முறை அது டிதர் இல்லை. கேட்டு முடிவு செய்ய வேண்டாம், மீட்டர் இருக்கிறது.

பாட்டு தொடங்குமுன் உள்ள ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்துப் பீக் மீட்டரைப் பாருங்கள். 16 பிட் ஃபைலில் முழு நிசப்தத்தின்மேல் சாதாரண முக்கோண (டிரையாங்குலர்) டிதர் போட்டால் பீக் மைனஸ் 90 டெசிபல் பக்கம் நிற்கும். நாய்ஸ் ஷேப்பிங் சேர்த்திருந்தால் அதைவிடக் கொஞ்சம் மேலே காட்டும், ஆனால் அந்தச் சத்தம் காதுக்கு எளிதில் எட்டாத உச்ச அலைவரிசைக்குத் தள்ளப்பட்டிருக்கும். மீட்டர் மைனஸ் 60, மைனஸ் 65 என்று காட்டினால் அந்த இரைச்சல் டிதருக்கு எத்தனையோ மடங்கு மேலே இருக்கிறது. அறை, மைக், ப்ரீஆம்ப், விசிறி, தகரக் கூரையில் விழும் மழை, இவற்றில் ஒன்றுதான். எங்கள் பக்கம் ஜூன் தொடங்கிவிட்டால் தகரக் கூரை உள்ள வீட்டில் பதிவான எல்லா டிராக்கிலும் மழை இருக்கும்.

சாதாரணச் சத்தத்தில் பாட்டு கேட்பவருக்கு மைனஸ் 90-இல் உள்ள டிதர் கேட்காது. கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் மீட்டரைக் காட்டுங்கள்.

அதில் சில சமயம் டிதரே காரணமாக இருப்பதும் உண்டு. உச்சம் வரம்பைத் தாண்டாமல் தடுத்து மொத்தச் சத்தத்தைத் தூக்கும் லிமிட்டருக்கு முன்னால் டிதர் பிளக்-இன் உட்கார்ந்திருக்கும். லிமிட்டர் 12 டெசிபல் தூக்கினால் டிதரின் இரைச்சலும் 12 டெசிபல் மேலே வரும். இடத்தை மாற்றினால் தீர்ந்தது. அல்லது லிமிட்டருக்குள்ளேயே ஒரு டிதர் இருக்கும். ஃபேப்ஃபில்டரின் புரோ-எல் 2-இலும், ஐசோடோப்பின் ஓசோனிலும் டிதர் உள்ளேயே வருகிறது. அதை ஆன் செய்துவிட்டு எக்ஸ்போர்ட் பெட்டியிலும் டிக் போட்டால் இரண்டு முறை டிதர். இரண்டு முறை போட்டால் இரைச்சல் சுமார் 3 டெசிபல் கூடும். அது பெரிய நாசம் இல்லை. டிதரே போடாமல் விடுவதைவிட இரண்டு முறை போட்டது மேல் என்றே சொல்வேன். ஆனால் நாய்ஸ் ஷேப்பிங்கோடு இரண்டு முறை போடாதீர்கள். உச்ச அலைவரிசையில் இரைச்சல் குவிந்துவிடும்.

ஏற்கெனவே 16 பிட்டில் உள்ள ஃபைலைத் திறந்து, முன்னும் பின்னும் வெட்டி, திரும்ப 16 பிட்டாகச் சேமிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெறும் வெட்டி ஒட்டும் வேலை என்றால் டிதரை அணைத்துவிடுங்கள். எண்கள் மாறவே இல்லை, குறைப்பதற்கு ஒன்றும் இல்லை. சத்தத்தைத் தொட்டீர்கள் என்றால் மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள்.

'ஸ்ஸ்' இல்லாமல் 'ங்ங்' என்று அடியில் முனகினால் அது கரண்ட் சம்பந்தப்பட்டது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட விட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். நின்றுவிட்டால் சார்ஜர். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் வந்தால் இன்வெர்ட்டர். எதிலும் நிற்கவில்லை என்றால் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். அப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். இரைச்சலை நிறுத்துவதற்காக பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈரத் தரையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஒரு மனிதர்.

அறிகுறி: பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மெல்லிய காற்று நின்று நின்று வருகிறது

வில்லுப்பாட்டு, ஜெப ஆராதனை போன்ற நீண்ட பதிவை டிராக் டிராக்காகப் பிரித்தால் இது வரும். ஹெட்போனில் உற்றுக் கேட்பவருக்கு, ஒரு டிராக் முடியும்போது ஏதோ கதவு சாத்தியது போல இருக்கும்.

முதல் காரணம், அறையின் சத்தம். டிராக்கின் முடிவில் முழு நிசப்தமாக வெட்டியிருப்பீர்கள். ஃபேடை இன்னும் ஒரு நொடி நீட்டினால் போதும். இரண்டாவது, டிதர் கருவியில் ஆட்டோ-பிளாங்க் என்ற வசதி ஆனில் இருக்கலாம். உள்ளே முழு நிசப்தம் வந்தால் டிதரையும் அது நிறுத்திவிடும். தனித்தனிப் பாட்டுக்கு அது நல்லது. தொடர் பதிவுக்கு அதை அணைத்து வையுங்கள். மூன்றாவது, ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக எடுத்திருப்பீர்கள். முழுக் கதையையும் ஒரே டைம்லைனில் வைத்து, டிதரோடு ஒரே ஓட்டமாக எடுத்து, அதன் பிறகு பிரியுங்கள். வெட்டுவதால் டிதர் கெடாது.

அறிகுறி: பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் மூச்சு விடுகிறது

குரல் வரும்போது இரைச்சல் ஏறி, குரல் நின்றதும் இறங்குகிறது. முதலில் நாய்ஸ் ரிடக்ஷன் பிளக்-இன்னையும், மெல்லிய சத்தத்தை அடைக்கும் நாய்ஸ் கேட் (gate) பிளக்-இன்னையும் சந்தேகியுங்கள், பெரும்பாலும் அதுதான். பைபாஸ் செய்தால் தெரிந்துவிடும். அடுத்து, கம்ப்ரஸர் அதிகமா என்று பாருங்கள்.

இரண்டும் இல்லை, அதுவும் மிக மெல்லிய இடங்களில் மட்டும் என்றால் டிதரின் வகையைப் பாருங்கள். ஏபிள்டனிலும் ஆடாசிட்டியிலும் ரெக்டாங்குலர், டிரையாங்குலர் என இரண்டு வகையும் உண்டு. ரெக்டாங்குலர் டிதரில் இரைச்சல் கொஞ்சம் குறைவு, ஆனால் அது பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அசையும். டிரையாங்குலர், அதாவது முக்கோண டிதர், சீராக ஒரே அளவில் நிற்கும். சந்தேகம் வரும்போதெல்லாம் முக்கோணத்தையே வையுங்கள்.

நாய்ஸ் ஷேப்பிங் எப்போது? அந்த 16 பிட் ஃபைலை இனி யாரும் தொடமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரியும்போது மட்டும். சிடிக்குப் போகிறது என்றால் சரி. தம்புரா, வயலின், தனிக்குரல் போன்ற அமைதியான பதிவில் அதன் பலன் நன்றாகவே தெரியும். ஆனால் அந்த ஃபைலை உள்ளூர் சேனலில் ஒருவர் எடுத்து, இன்னொரு லிமிட்டரில் விட்டு, எம்பி3 ஆக்குவார் என்றால் முக்கோண டிதர் மட்டும் போதும்.

அறிகுறி: லிமிட்டர் பூஜ்ஜியத்தில் நிறுத்துகிறது, ஆனாலும் எடுத்த ஃபைலில் கிளிப் விளக்கு எரிகிறது

டிதர் என்பதும் ஒரு ஒலிதான். லிமிட்டரின் சீலிங் (உச்ச வரம்பு) சரியாக 0-இல் இருந்தால், அதன்மேல் டிதர் சேரும்போது கூரையில் முட்டும். நாய்ஸ் ஷேப்பிங் என்றால் இன்னும் கொஞ்சம் அதிகமாக. சீலிங்கை மைனஸ் 1 டெசிபலுக்கு இறக்குங்கள். எம்பி3, ஏஏசி ஆகப் போகும் பாட்டுக்கும் அந்த இடைவெளி வேண்டும், ஏனென்றால் அமுக்கும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும்.

இறக்கியும் எரிந்தால் சாம்பிள் ரேட் மாற்றத்தைப் பாருங்கள். 48-இல் மாஸ்டர் செய்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது 44.1-க்கு மாற்றியிருப்பீர்கள். அந்த மாற்றத்திலும் உச்சங்கள் உயரும். மாஸ்டரிங் தொடங்கும் முன்பே மிக்ஸை 44.1-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஈக்யூ, பிறகு லிமிட்டர், எல்லாம் முடிந்து டிதர். டிதர் போட்ட ஃபைலை சாம்பிள் ரேட் மாற்றுவது, தேய்த்து மடித்த சட்டையை மறுபடி நனைப்பதுபோல. எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

அறிகுறி: 24 பிட் என்று சொல்லித் தந்த ஃபைலில் பிட் மீட்டர் 16 மட்டுமே காட்டுகிறது

ஸ்டில்வெல் ஆடியோவின் பிட்டர் என்ற பிளக்-இன் இலவசம். எந்தெந்தப் பிட் வேலை செய்கிறது என்று விளக்கு விளக்காகக் காட்டும். மிக்ஸ் ஃபைல் வந்த உடனே இதில் விட்டுப் பார்ப்பது என் வழக்கம். எல்லையைத் தாண்டி வந்த ஒரு பக்திப் பாட்டு ஆல்பம் இப்படித்தான் பிடிபட்டது. ஃபைலின் மேல் 24 என்று இருந்தது, பாட்டு ஓடும்போது கீழே எட்டு விளக்குகள் எரியவே இல்லை. யாரோ 16 பிட்டாக எடுத்து, பிறகு 24 பிட் என்று சேமித்திருக்கிறார்கள். அந்தச் சேட்டனிடம் போனில் சொன்னபோது அவருக்கே அது தெரியாது. பழைய லேப்டாப்பில் தேடி, அசலை அன்று மாலையே அனுப்பிவிட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா விளக்கும் எரிவதாலேயே ஃபைல் உண்மையான 24 பிட் என்று நம்பிவிடாதீர்கள். 16 பிட் ஃபைலை அரை டெசிபல் குறைத்தாலும் போதும், எல்லா விளக்கும் எரிந்துவிடும். விளக்கு எரியாமல் இருப்பது உறுதியான சாட்சி. எரிவது அப்படி இல்லை. சந்தேகம் இருந்தால் ஃபேட் முடிவை 40 டெசிபல் கூட்டிக் கேட்கும் பழைய சோதனைதான்.

உங்கள் செஷனுக்குள் பிட் மீட்டர் 24-க்கு மேலும் காட்டினால் பயப்பட வேண்டாம். செஷன் உள்ளே ஃப்ளோட்டில்தான் ஓடுகிறது.

அறிகுறி: ஒரே மாஸ்டரை இரண்டு முறை எடுத்து, ஒன்றின் ஃபேஸைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) மற்றதோடு சேர்த்தால் நிசப்தம் வரவில்லை

வராது. டிதர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் இரைச்சல், அதனால் இரண்டு ஃபைலும் கடைசிப் பிட்டில் வேறாகத்தான் இருக்கும். மிச்சம் மைனஸ் 90-க்குச் சற்றே மேலே சீரான 'ஸ்' மட்டும் என்றால் சரி. அதில் பாட்டின் சாயல், தாளம், குரல் எதுவும் கேட்டால் வேறு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. டிதரை அணைத்து இரண்டையும் 32 பிட் ஃப்ளோட்டில் எடுத்து மறுபடி கழித்துப் பாருங்கள். அப்போதும் மிச்சம் வந்தால் கோரஸ், ரிவெர்ப் போன்று ஒவ்வொரு ஓட்டத்திலும் அசையும் எஃபெக்ட் ஏதாவது உள்ளே இருக்கும்.

எந்த ஃபைலுக்கு டிதர் போடுவது என்றே தெரியவில்லை என்றால்

32 பிட் ஃப்ளோட்டாக எடுக்கிறீர்கள்: வேண்டாம். அங்கே குறைப்பு இல்லை.

32 ஃப்ளோட்டிலிருந்து 24 பிட்: போடலாம். நான் போடுகிறேன், ஏனென்றால் செலவு ஒன்றும் இல்லை. போடாமல் விட்டாலும் எந்த ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சலும் அதைவிட மேலே இருக்கும், யாருக்கும் கேட்காது. இதற்காக யாரோடும் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

24-இலிருந்தோ ஃப்ளோட்டிலிருந்தோ 16 பிட்: கட்டாயம் போடுங்கள். சிடிக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பது 1980-இல் வகுத்த ரெட் புக் விதி, இன்றும் அதுதான். கோயில் கொடைக்கும் சர்ச்சுக்கும் பென்டிரைவில் கொடுப்பதற்கும் 16 பிட்டே பாதுகாப்பு, ஏனென்றால் அங்குள்ள பல பிளேயர்கள் 24 பிட் வேவைப் படிக்காமல் நின்றுவிடும். குழாய் ஸ்பீக்கரில் டிதர் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது என்பது உண்மை. ஆனால் அதே பென்டிரைவ் நாளை ஒருவர் வீட்டு ஹெட்போனுக்குப் போகும்.

எம்பி3, ஏஏசி: 16 பிட்டாக்கி அதிலிருந்து மாற்றாதீர்கள். 24 பிட்டிலிருந்தோ ஃப்ளோட்டிலிருந்தோ நேராக மாற்றுங்கள். இணையத்தில் பாட்டு வெளியிடும் தளங்களுக்கும் 24 பிட் வாங்குகிறார்கள் என்றால் அதையே கொடுங்கள். ஆப்பிளின் டிஜிட்டல் மாஸ்டர்ஸ் திட்டத்துக்கு 24 பிட்தான் வேண்டும்.

வேறொருவரிடம் கொடுக்க வேண்டிய இடம்

எக்ஸ்போர்ட் பெட்டி, ஃபேடர், பிளக்-இன் வரிசை, மிக்ஸ் ஃபைல் ஆகிய நான்கையும் பார்த்த பிறகும் ரம்பம் நிற்கவில்லை என்றால் ஒரு நாளுக்கு மேல் அதோடு போராட வேண்டாம். சிடி பிரஸ்ஸிங்குக்கு DDP (சிடி அச்சடிக்கக் கொடுக்கும் மாஸ்டர் ஃபைல் தொகுப்பு) கேட்கிறார்கள் என்றாலும், பழைய கேசட்டிலிருந்து எடுத்த ஒரே பிரதி என்றாலும், மாஸ்டரிங் தெரிந்தவரிடம் போங்கள். எங்கள் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் ஒன்றரை இரண்டு மணி நேரம்தான், சென்னைக்கு ஃபைலை அனுப்பினாலே போதும்.

அனுப்பும்போது மாஸ்டர் டிராக்கில் உள்ள லிமிட்டரையும் டிதரையும் எடுத்துவிடுங்கள். உச்சம் மைனஸ் 3 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். மிக்ஸ் எந்த சாம்பிள் ரேட்டில் இருக்கிறதோ அதிலேயே, 32 பிட் ஃப்ளோட்டாக எடுங்கள். ஃபேட் போடாமல் ஒன்று, நீங்கள் விரும்பும் ஃபேடோடு ஒன்று என இரண்டு பிரதி கொடுங்கள். எந்த நொடியில் கரகரப்பு கேட்கிறது என்பதை ஒரு வரியாக எழுதிச் சேருங்கள்.